மிசின் இல்லாமல் முதலீடு தேடினேன்: பதினாலு மாதக் கணக்கு

தென்னை நார்ப் பித்தில் உப்பை அளக்கும் கருவி ஒன்று செய்யலாம் என்று 2022 பிப்ரவரியில் கம்பெனி பதிந்தேன். 2023 ஏப்ரலில் நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தபோது 4,26,000 ரூபாய் செலவாகியிருந்தது. விற்பனை இல்லை, காட்டுவதற்கு ஒரு மாதிரிப் பொருள் இல்லை, முதலீடும் வரவில்லை. கம்பெனி பதிவுக்கு 22,000, முதல் வருட ஆடிட்டர், தாக்கல் செலவு 38,000, முதலீடு வாங்கித் தருவதாகச் சொன்ன ஆலோசகருக்கு ஜி.எஸ்.டி சேர்த்து 1,77,000, இல்லாத கருவி ஓடுவது போல ஒரு அனிமேஷன் வீடியோவுக்கு 65,000, சென்னை, பெங்களூர் போய்வந்தது 40,000, வட்டி 84,000. இதில் எதுவுமே யாரும் என்னைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்ததில்லை. வரிசை தப்பிச் செய்ததுதான் தப்பு. சரியான வரிசையை அப்போது யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

யோசனை என்னவென்றால், பொள்ளாச்சி, உடுமலை, குடிமங்கலம் பக்கம் தென்னை நார் மில்களில் மிஞ்சும் பித்தை, அதாவது நார்த்தூளை, கழுவி, காய வைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். செடி வளர்க்க மண்ணுக்குப் பதிலாகப் போடுவது. பச்சைப் பித்தில் பொட்டாசியம், சோடியம் உப்பு நிறைய இருக்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈசி என்கிற மின்கடத்தும் அளவை 0.5-க்குக் கீழே கொண்டுவந்தால் அது 'லோ ஈசி' சரக்கு, விலை வேறு. களத்தில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்றால், ஒரு பிடி பித்தை டம்ளர் தண்ணீரில் கரைத்து, துணியில் பிழிந்து, பேனா மீட்டரை முக்குவார்கள். ஒருவர் ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் விடுவார், இன்னொருவர் அஞ்சு பங்கு விடுவார். தண்ணீர் கூடினால் எண் இறங்கும். வாங்குபவர் ஒரு முறையில் அளந்து இவர் இன்னொரு முறையில் அளந்தால் சண்டை நிச்சயம். நேராகப் பித்துக் குவியலில் குத்தினால் எண் காட்டும் கருவி ஒன்று செய்யலாம் என்பதுதான் திட்டம்.

முதல் தப்பு, கம்பெனியை முதலில் பதிந்தது. விசிட்டிங் கார்டில் 'இயக்குநர்' என்று போட்டுக்கொள்ளும் ஆசைதான் காரணம், வேறொன்றுமில்லை. பிரைவேட் லிமிடெட் பதிந்த நாளிலிருந்து மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். 30 நாளுக்குள் ஆடிட்டர் நியமனம். 180 நாளுக்குள் மூலதனப் பணம் வங்கியில் வந்துவிட்டது, தொழில் தொடங்குகிறோம் என்று ஐ.என்.சி 20ஏ படிவம். இதைத் தவறவிட்டால் கம்பெனிக்கு 50,000 வரை அபராதம் போட வழியிருக்கிறது. வருடாந்திரப் படிவங்கள் தாமதமானால் படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் இது எல்லாம் உண்டு. இதைவிடப் பெரிய நட்டம் வேறு ஒன்று. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் மாதிரிப் பொருள் செய்ய 20 லட்சம் வரை மானியம் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனி பதிந்து இரண்டு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. நான் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் சுற்றிய பதினாலு மாதமும் இந்த இரண்டு வருடத்தில்தான் கழிந்தது. மாதிரிப் பொருளுக்கான முதல் பணம் எனக்கு வந்தது 2024 மார்ச்சில். அதற்கு முந்தின மாதமே அந்தக் கதவு சாத்தியாயிற்று.

தனிநபராகவே கேட்கக்கூடிய பணம் இருக்கும்போது கம்பெனி எதற்கு? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' திட்டத்தில் கம்பெனி இல்லாமலேயே ஆள் பேரில் விண்ணப்பிக்கலாம், 10 லட்சம் வரை மானியம், மாதிரிப் பொருள் செய்வதற்கு மட்டும். வெறும் செயலிக்கும் மென்பொருளுக்கும் இது ஆகாது, கையில் எடுத்துக் காட்டும் பொருளாக இருக்க வேண்டும். தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டமும் உண்டு, 'ஏ' வவுச்சர் 2 லட்சம் வரை, 'பி' வவுச்சர் 5 லட்சம் வரை. எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அந்தப் பணத்துக்குக் கம்பெனி கட்டாயம் என்றால் மட்டும் அந்த மாதத்தில் பதிந்தால் போதும்.

இரண்டாவது, அந்த ஆலோசகர். அவர் 28 பக்கத்தில் ஒரு பவர்பாயிண்ட் செய்து கொடுத்தார். அஞ்சாவது வருடம் 40 கோடி விற்பனை என்று அதில் ஒரு வரைபடம். இப்போதே கம்பெனி மதிப்பு 8 கோடி என்றும் போட்டிருந்தார். 200 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியதாகச் சொன்னார், ஒருவரும் பதில் போடவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு முதலீடு தேடித்தருகிறவரிடம் போகவே போகாதீர்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். பணம் வந்த பிறகு சதவீதம் வாங்குகிறவருக்காவது நம்முடைய பணம் வரவேண்டும் என்று ஒரு அக்கறை இருக்கும். இன்னொன்று, விற்பனையே இல்லாத இடத்தில் அஞ்சு வருட விற்பனைக் கணக்கைக் காட்டினால் படிக்கிறவர் அந்தப் பக்கத்தோடு மூடிவிடுவார். அடுத்த பன்னிரண்டு மாதச் செலவுக் கணக்கைத்தான் எல்லோரும் உண்மையில் பார்க்கிறார்கள்.

மூன்றாவது தப்புத்தான் தூக்கத்தைக் கெடுத்தது. ஊரில் தெரிந்தவர் ஒருவரிடம் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு 4 லட்சம் வாங்கினேன். தாய்மாமன் கொப்பரை விற்ற காசு 2 லட்சத்தை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து, "எழுத்தெல்லாம் எதுக்குங்க மாப்ள, முடியறப்ப குடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். இரண்டையும் கம்பெனிக் கணக்கில் கட்டி, 'கடன்' என்று எழுதி வைத்தேன். வருட முடிவில் ஆடிட்டர் கூப்பிட்டுக் கேட்டார், "இவங்க ரெண்டு பேரும் யாருங்க?" மாமா என்றேன். "கம்பெனிச் சட்டத்துல மாமா உறவுக்காரர் இல்லீங்க" என்றார்.

வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் சட்டம் அப்படித்தான். தனியார் கம்பெனி வெளியாளிடம் கடன் வாங்கினால் அது 'டெபாசிட்' ஆகிவிடும், அது கூடாது. இயக்குநர் கொடுக்கலாம், இயக்குநரின் உறவினர் கொடுக்கலாம். அந்த உறவினர் பட்டியலில் கணவன் மனைவி, அப்பா அம்மா, மகன் மருமகள், மகள் மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, கூட்டுக் குடும்ப உறுப்பினர், இவ்வளவுதான். மாமா, சித்தப்பா, பெரியப்பா, பங்காளி யாருக்கும் இடமில்லை. சரி, அவர்களிடம் நான் வாங்கி, நான் கம்பெனிக்குக் கொடுத்ததாகக் காட்டலாமா என்றால் அதுவும் முடியாது. இயக்குநர் கடன் கொடுக்கும்போது 'இது நான் வேறிடத்தில் கடன் வாங்கிய பணம் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பொய்யாக எழுதினால் அது தனி வழக்கு. போதாததற்கு ரொக்கம் வேறு. 20,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. திருப்பிக் கொடுப்பதும் வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

இதற்கு நேர்வழி ஒன்று இருந்தது என்பதுதான் எரிச்சல். வருமான வரிச் சட்டத்தில் உறவினர் பட்டியல் பெரிது. அம்மாவின் அண்ணன் தம்பி, அப்பாவின் அண்ணன் தம்பி எல்லாம் அதில் உண்டு, அவர்கள் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. ஆக, மாமா என் சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார், அன்பளிப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம், அந்தப் பணத்தில் நான் என் பேரில் கம்பெனிப் பங்கு வாங்குகிறேன். முடிந்தது. நண்பர் கொடுத்தால் இந்த வழி நடக்காது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் 50,000-க்கு மேல் அன்பளிப்பு வந்தால் முழுதும் வருமானமாகிவிடும். கடைசியில் 4 லட்சத்தையும் வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்து, மாமா பணத்தையும் திருப்பி அனுப்பி, அன்பளிப்பாக மறுபடி வாங்கினேன். அவருக்கு இன்று வரை இது புரியவில்லை. "குடுத்த காசத் திருப்பிக் குடுத்துட்டு மறுக்காக் கேக்கறீங்களே மாப்ள" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

வெளியாளிடம் முறையாகப் பணம் வாங்குவதென்றால் பங்கு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, பொதுக்குழுத் தீர்மானம், யாருக்குக் கொடுக்கிறோமோ அவர் பேர் போட்ட பி.ஏ.எஸ் 4 என்கிற பங்கு அழைப்புக் கடிதம், தனி வங்கிக் கணக்கு. பணம் வந்த 60 நாளுக்குள் பங்கை ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாளுக்குள் அந்த விவரத்தோடு பி.ஏ.எஸ் 3 படிவம் தாக்கல். அந்தத் தாக்கல் முடியும் வரை அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது, பலரும் சறுக்குவது இங்கேதான். 60 நாள் தாண்டிவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் 12 சதவீத வட்டி. பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் கடன் பத்திரமான 'கன்வெர்ட்டிபிள் நோட்' போட்டுக்கொள்ளலாம் என்று இணையத்தில் படித்துவிட்டு ஒருவரிடம் 10 லட்சத்துக்குப் பேசி வைத்திருந்தேன். இந்தியாவில் அதற்கு ஒரு ஆளிடமிருந்து ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் வர வேண்டும், கம்பெனியும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்பாக இருக்க வேண்டும். 10 லட்சத்துக்கு அது செல்லாது. சிறு தொகைக்குக் கட்டாயமாகப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குதான் வழி. நியாய மதிப்புக்கு மேல் விலை வைத்துப் பங்கு கொடுத்தால் அந்த மிகைத் தொகைக்குப் போடும் ஏஞ்சல் வரி என்று ஒன்று அப்போது பயமுறுத்திக்கொண்டிருந்தது, அதை 2024 ஜூலை பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். அந்தக் கவலை இப்போது இல்லை.

முதலீட்டாளர்கள் என்று கோவையிலும் திருப்பூரிலும் ஒன்பது பேரைப் பார்த்தேன். எல்லோரும் தொழில் செய்து பணம் பார்த்தவர்கள், மரியாதையாக உட்கார வைத்து டீ கொடுத்துக் கேட்டார்கள். வீடியோ ஓடி முடிந்ததும் ஒருவர், "எல்லாஞ் சரிங்க தம்பி, மிசின் எங்கீங்க?" என்றார். பணம் வந்தால் செய்வேன் என்றேன். "ஆகட்டுமுங்க, பார்க்கலாம்" என்றார். நம் ஊரில் பார்க்கலாமுங்க என்றால் இல்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாமலில்லை, ஆனாலும் அந்த ஒன்பதையும் 'பேச்சுவார்த்தையில்' என்ற தலைப்பில் எழுதி வைத்து ஆறு மாதம் காத்திருந்தேன். ஒருவர் மட்டும் 30 லட்சம் தருகிறேன், 51 சதவீதம் வேண்டும் என்றார். பணத்தைப் பார்த்துத் தலையாட்டப் போனேன். முதல் பணத்துக்கே பாதிக்கு மேல் கொடுத்துவிட்டால் அடுத்து வரும் எவரும் கைவைக்க மாட்டார்கள், உழைக்கிறவனுக்கு ஒன்றும் மிச்சமில்லாத கம்பெனியில் யார் பணம் போடுவார்கள்? என் கணக்கில் முதல் சுற்றில் பத்திலிருந்து இருபது சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் கேட்டால் பணமே வேண்டாம் என்று எழுந்து வருவது மேல்.

பங்கு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கூடச் சேர்ந்த நண்பனுக்கும் எனக்கும் பாதிப் பாதி என்று முதல் நாளே எழுதிவிட்டோம். எட்டாவது மாதம் அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், தப்புச் சொல்ல முடியாது, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் பாதிக் கம்பெனி அவனோடு போயிற்று. அவன் நல்லவனாக இருந்ததால் முகவிலைக்கே திருப்பி எழுதிக் கொடுத்தான். நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சொந்தமாகும், முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றுமில்லை என்று முதல் நாளே ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். நட்பு கெட்டுவிடுமோ என்று கூச்சப்பட வேண்டாம், எழுதாமல் விட்ட இடத்தில்தான் நட்பு கெடுகிறது.

திருப்பம் வந்தது ஒரு நிராகரிப்பில். 2022 அக்டோபரில் பிரயாஸுக்கு ஒரு தடவை விண்ணப்பித்து நேர்காணல் வரை போனேன். குழுவில் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார். பித்து ஈரமாக இருந்தால் ஒரு எண், காய்ந்திருந்தால் ஒரு எண் வருமே, உப்பு ஒன்றேதானே, எதை நம்புவது? பதில் இல்லை. திரும்பி வந்து அதையும் மறந்துவிட்டு மறுபடி பவர்பாயிண்ட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன், அதுதான் பெரிய முட்டாள்தனம். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க மாதிரிப் பொருளே தேவையில்லை என்பது ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

2023 மே மாதம் செய்தது இது. மண்ணின் ஈரம், ஈசி, வெப்பம் மூன்றையும் அளக்கும் மூன்று கம்பி புரோப் கடையிலேயே கிடைக்கிறது, 4,200 ரூபாய். அதைக் கணினியில் சேர்க்கும் கன்வெர்ட்டர் 250. நல்ல பேனா மீட்டர் 3,800. மீட்டரைச் சரிபார்க்க 1413 மைக்ரோசீமென்ஸ் திரவம் 600. சமையல் தராசு 900. வாலை வடிநீர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 11,000-ஐத் தாண்டவில்லை. எட்டுக் களத்தில் போய், கழுவும் முன், பாதி கழுவியது, கழுவி முடித்தது, காய்ந்தது என்று களத்துக்கு எட்டு வீதம் 64 மாதிரி எடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு பித்து, ஒன்றரைப் பங்கு வடிநீர், அரை மணி ஊறல், துணியில் வடித்துப் பேனா மீட்டர், இரண்டு தடவை. இது நம்பக்கூடிய எண். அதே பித்தை அஞ்சு லிட்டர் பெயிண்ட் வாளியில் போட்டுப் புரோப்பைக் குத்தினால் வருவது சந்தேக எண்.

முதல் நாள் எண்கள் உளறின. ஒரே வாளியில் மூன்று இடத்தில் குத்தினால் 0.3, 0.5, 0.8. காரணம் பித்துக்குள் இருக்கும் காற்று. கம்பியைச் சுற்றி இடைவெளி இருந்தால் மின்சாரம் போக வழியில்லை. மளிகைக்கடை 5 கிலோ இரும்புப் படிக்கல்லை ஒரு பலகை மேல் வைத்து, எண்ணிப் பத்து விநாடி அழுத்திவிட்டுக் குத்தினேன். மூன்று இடத்து எண்ணும் பக்கம் பக்கமாக வந்தன. 64-இல், ஈரம் பாதிக்கு மேல் இருந்த 41 மாதிரியில் இரண்டு எண்ணும் 0.1-க்குள் ஒத்துப்போயின. காய்ந்தவை 23-ம் குப்பை, படிக்கல் வைத்தாலும் ஒத்துவரவில்லை. அதாவது நான் விற்க நினைத்த கருவி, கட்டி போடும் முன் கடைசிச் சரக்கைச் சரிபார்ப்பது, வேலைக்கு ஆகாது. ஆனால் கழுவும்போதே 'இன்னும் எத்தனை நேரம் தண்ணீர் விட வேண்டும்' என்று சொல்லும் கருவி ஆகும். களத்துக்காரருக்கு இதில்தான் காசு. தேவைக்கு மேல் கழுவினால் தண்ணீரும் மோட்டார் ஓட்டமும் தண்டம், காய ஒரு நாள் கூடும், குறைத்துக் கழுவினால் சரக்கு நிற்கும். ஒரு எச்சரிக்கை, கால்சியம் நைட்ரேட் போட்டு ஊற வைக்கும் பித்தில் அந்த உப்பே எண்ணை ஏற்றிவிடும், கடைசி அலசலுக்குப் பிறகுதான் அளக்க வேண்டும்.

இந்த எண்களை வைத்துப் போட்ட ஒரே ஒரு வரைபடம் ஆலோசகரின் 28 பக்கத்தையும் தூக்கிச் சாப்பிட்டது. மாதிரிப் பொருள் இல்லாதபோது எதிராளி கேட்பது 'உன் யோசனை எவ்வளவு பெரியது' என்பதை அல்ல, 'இது எங்கே உடையும், அதை நீ தொட்டுப் பார்த்தாயா' என்பதைத்தான். உங்கள் திட்டம் பொய்த்துப்போகக்கூடிய அந்த ஒரு இடத்தைக் கண்டுபிடியுங்கள், கடையில் கிடைக்கும் சாமானை வைத்தே பதினைந்தாயிரத்துக்குள் அதைச் சோதியுங்கள். செயலி செய்கிறவர் என்றால் ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு நோட்டும் வைத்துக் கையாலேயே பத்துப் பேருக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்துப் பார்க்கலாம். ஊருக்குக் காட்டும் முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான், முழு விவரம் தர 12 மாதம் அவகாசம். நான் எட்டுக் களத்தில் காட்டிய பிறகு போட்டேன், அது தப்பு. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி முதலீட்டாளரிடம் நீட்டாதீர்கள், யாரும் போடுவதில்லை, பேச்சுத்தான் கெடும்.

அடுத்து வாங்குகிறவர் ஆதாரம். 'கருவி வந்தால் வாங்குவேன்' என்று லெட்டர்ஹெட்டில் பதினொரு கடிதம் முன்பே வைத்திருந்தேன், எவரும் மதிக்கவில்லை, தெரிந்தவர் கேட்டால் யார்தான் எழுதித் தர மாட்டார்கள்? இந்தத் தடவை வரைபடத்தைக் காட்டி, முதல் கருவிக்கு 5,000 முன்பணம், ஒத்துவராவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று கேட்டேன். பதினொரு பேரில் அஞ்சு பேர் கொடுத்தார்கள். 25,000 ரூபாய் பெரிய தொகை இல்லை, ஆனால் விண்ணப்பத்தில் அந்த அஞ்சு ரசீதுக்கு இருந்த எடை வேறு எதற்கும் இல்லை. கம்பெனி பேரில் முன்பணம் வாங்கினால் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும், இழுத்தால் அதுவும் டெபாசிட் ஆகிவிடும்.

ஆகஸ்டில் மறுபடி விண்ணப்பித்தேன், ஆறே பக்கம். என்ன சிக்கல், அதில் களத்துக்காரருக்கு எவ்வளவு நட்டம். சோதனை வரைபடம், ஒத்துவராத 23 மாதிரியும் மறைக்காமல். இன்னும் எனக்குத் தெரியாதவை. சாமான் பட்டியல், விலைப்புள்ளியோடு. முன்பணம் கொடுத்தவர்கள், அவர்கள் சம்மதத்தோடு. எந்த மாதம் எவ்வளவு செலவு, முடிவில் கையில் என்ன இருக்கும். கம்பிகள் துருப்பிடித்தால், உப்புப் படிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். 316 ஸ்டெயின்லெஸ் கம்பி, நேர் மின்னோட்டம் கொடுத்தால் கம்பி முனையில் மின்னேற்றம் தேங்கி எண் நகரும், அதனால் மாறுமின்னோட்டம், இரண்டு கம்பிக்குப் பதில் நாலு கம்பி என்று சொல்ல முடிந்தது. முதல் தடவை பட்ஜெட்டில் லேப்டாப், அலுவலக வாடகை எல்லாம் போட்டிருந்தேன், இந்தத் தடவை சாமான், பட்டறைக் கூலி, சர்க்யூட் போர்டு மூன்று சுற்று, பரிசோதனைக் கட்டணம் மட்டும். போர்டு ஒரே சுற்றில் சரியாக வரும் என்று பட்ஜெட் போடுகிறவர் அதுவரை போர்டு செய்ததில்லை என்பது குழுவுக்குத் தெரிந்துவிடும்.

எங்கே விண்ணப்பிப்பது என்றால், பிரயாஸ், விதை நிதி இரண்டின் பணமும் தொழில் வளர்ப்பகங்கள் (இன்குபேட்டர்) வழியாகத்தான் வரும். கோவையில் பி.எஸ்.ஜி ஸ்டெப், ஃபோர்ஜ், வேளாண்மை என்றால் வேளாண் பல்கலைக்கழகத்தின் வளர்ப்பகம், பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியின் வளர்ப்பகம் என்று நம் பக்கமே இருக்கின்றன. எந்தத் திட்டத்துக்கு எப்போது அழைப்பு என்று நேரில் போய்க் கேளுங்கள், விண்ணப்பம் போடும் முன்னாலேயே ஆய்வகத்தைப் பார்க்க விடுவார்கள். பணம் எடுக்கும் வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. விதை நிதித் திட்டத்துக்குப் போகிறவர் அதற்கு முன் வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் மொத்தம் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கக் கூடாது. போட்டிப் பரிசும் ஆய்வக வசதியும் இந்தக் கணக்கில் வராது. பிரயாஸில் 10 வாங்கிவிட்டு மாநிலத்தில் இன்னொரு மானியமும் வாங்கினால் 20 லட்சத்தின் கதவு சாத்திவிடும். சின்னத் தொகைக்கு அவசரப்பட்டுக் கை நீட்டும் முன் எதை விடுகிறோம் என்று பாருங்கள்.

நவம்பரில் தேர்வு, மார்ச்சில் முதல் தவணை. விண்ணப்பித்து ஏழு மாதம். இந்த இடைவெளியில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று முன்பே யோசித்திருக்க வேண்டும், நான் வாரத்தில் மூன்று நாள் ஒரு பம்ப் கம்பெனிக்குச் சர்க்யூட் வேலை பார்த்தேன். தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று ஆடிட்டர் கையெழுத்தோடு கொடுத்த பிறகுதான் அடுத்தது. அந்தச் சான்றுக்கு ஒவ்வொரு செலவுக்கும் சரியான பேரில் பில் வேண்டும். கோவை கணபதியில் ஒரு பட்டறையில் கருவியின் உறையைக் கடைந்து வாங்கிவிட்டு பில் கேட்டால், "பில்லுப் போட்டா பதினெட்டுச் சதவீதஞ் சேருமுங்க, பரவால்லீங்களா?" என்பார்கள். பரவாயில்லை என்று சொல்லி வாங்குங்கள். நான் இரண்டு இடத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று துண்டுச்சீட்டில் வாங்கிய 31,000 ரூபாயை ஆடிட்டர் ஏற்கவில்லை, கைக்காசில்தான் போயிற்று. மூன்றாவது இடத்தில் பில் இருந்தது, ஆனால் பழக்கத்தில் அண்ணன் பேரில் போட்டுவிட்டார்கள். அதைத் திருத்தி வாங்க நாலு வாரம், அந்த நாலு வாரமும் இரண்டாம் தவணை நின்றது, போர்டின் மூன்றாவது சுற்றும் அதோடு சேர்ந்து நின்றது.